கண்டி வெள்ளமும் கிழமைக் கடனும்

கம்பளையில் ஒரு சில்லறைக் கடைக்குள் வெள்ளம் புகுந்தால் சேதம் எழுத வருகிற உத்தியோகத்தர் அரிசி மூட்டைகளை எண்ணுவார். குளிர்சாதனப் பெட்டி, தராசு, கண்ணாடி அலுமாரி எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். கடன் கொப்பியைக் குறிக்க மாட்டார். மலைநாட்டுச் சிறு கடையின் முதல் முழுவதும் தட்டுகளில் இருப்பதில்லை. அதில் ஒரு பங்கு அந்தக் கொப்பிக்குள், தோட்டத்துச் சனங்கள் சம்பள நாளில் தரவேண்டிய காசாகக் கிடக்கிறது. கொப்பி நனைந்து எழுத்துக் கரைந்தால் அந்த முதலும் கரைந்தது. கொப்பி தப்பினாலும், தோட்டத்தில் வேலை நின்றுபோன மாதத்தில் யாரிடம் போய்க் கேட்பது? அதே கடைக்காரர் மறுபக்கத்தில் தாமும் கடன்காரர்தான்: மொத்த வியாபாரிக்கு, அடகு வைத்த இடத்துக்கு, கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கிற நுண்கடன் கம்பனிக்கு. இரண்டு பக்கமும் கடனால் கட்டப்பட்ட இந்த மனிதரை எழுப்பி நிறுத்த இன்னொரு கடன் கொடுக்கலாமா என்பதைத்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது.

2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் இலங்கையில் கரையேறியது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கடற்கரை மாவட்டம் எதுவுமல்ல, கண்டி. இங்கே மட்டும் 200க்கு மேல். மகாவலி பெருகிக் கம்பளையையும் பேராதனையின் தாழ்ந்த பகுதிகளையும் மூழ்கடித்தது. மலைச்சரிவுகள் வீடுகளையும் வீதிகளையும் ஒன்றாகக் கொண்டுபோயின. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் உடைந்தது. உலக வங்கி டிசம்பரில் வெளியிட்ட விரைவு மதிப்பீடு நேரடிப் பொருட்சேதத்தை 410 கோடி டொலர் என்று கணித்தது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 4 வீதம். மாவட்டவாரியாகப் பார்த்தால் அந்தக் கணக்கிலும் முதலிடம் கண்டிக்கே: சுமார் 69 கோடி டொலர்.

அரசாங்கம் வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபா என்றது, வீட்டுச் சாமான்களுக்கு 50,000 ரூபா என்றது, முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் வரை என்றது. சிறு தொழில்களுக்கு மானியமும் குறைந்த வட்டிக் கடனும் அறிவிக்கப்பட்டன. மத்திய வங்கி பழைய கடன்களுக்குச் சலுகை வழங்கும்படி வங்கிகளைப் பணித்தது. இந்த ஏற்பாடுகளில் வீட்டுக்கான பகுதி தெளிவாக இருக்கிறது; தொழிலுக்கான பகுதி போகப்போகக் கடனை நோக்கிச் சாய்கிறது. மானியம் ஒரு தடவை கொடுத்து முடிகிற செலவு. கடனோ திரும்பி வரும், வந்த காசை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். திறைசேரியில் காசில்லாத நாட்டில் இந்த வாதம் எடுபடுவது இயல்பு.

நுண்கடனின் பக்கத்து நியாயத்தை முதலில் முழு மனதோடு சொல்லிவிட வேண்டும். அது இல்லாவிட்டால் சிறு வியாபாரி சும்மா இருக்கப்போவதில்லை. மீற்றர் வட்டிக்காரரிடம் போவார், அல்லது மனைவியின் தாலிக்கொடியை அடகு வைப்பார். கம்பனிக் கடன் அதைவிட மலிவு. மானியத்துக்குக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், வியாபாரப் பதிவு, சில இடங்களில் அரசியல்வாதியின் ஆள் என்று பல வாசல்கள் ஏறியிறங்க வேண்டும். கடன் பல வேளைகளில் அதற்கு முன்னே கைக்கு வந்துவிடும். தவணை கட்டி மீண்டவர் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை என்பதும் சின்ன விஷயமல்ல.

ஆதாரமும் உண்டு, அதுவும் இந்த நாட்டிலிருந்தே. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தென் மாகாணத்தில் அக்ரோ மைக்ரோ ஃபினான்ஸ் என்ற நிறுவனத்தின் கடனாளர்களை இத்தாலியப் பொருளியலாளர்களான லெயனார்டோ பெக்கெட்டியும் ஸ்டெஃபானோ கஸ்ட்ரியோட்டாவும் ஆராய்ந்தார்கள். கட்டுரை 2011இல் வெளியானது. உடைமைகளைக் கடலிடம் இழந்தவர்களுக்கு மறுபடி கிடைத்த கடன், அவர்களுடைய உண்மை வருமானத்தையும் வாரத்தில் உழைத்த மணிநேரத்தையும் மேலே தூக்கியது என்பது அவர்களின் முடிவு. சேதப்படாதவர்களைவிடச் சேதப்பட்டவர்களுக்கே பலன் கூடுதலாக இருந்தது. நுண்கடனை முற்றாக மறுக்கிறவர்கள் இந்த ஆய்வைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஆனால் அது எதைக் காட்டவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் கடனாளர்கள் சுனாமிக்கு முன்பே அந்த நிறுவனத்தோடு பழகியவர்கள். கட்டத் தெரிந்தவர்கள் என்று ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள். நிறுவனத்துக்கும் வெளிநாட்டுக் கொடையாளரின் பணம் வந்து முட்டுக்கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே ஆளுக்கு அதே தொகையை மானியமாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஒன்றும் கிடைக்காததைவிடக் கடன் நல்லது என்பது நிறுவப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மற்றக் கேள்விக்குப் பதில் தேடியவர் கண்டிக்காரர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர். அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல். அவரும் டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோரும் 2005இல் காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் மிகச் சிறிய தொழில்களைத் தொடர்ந்து கண்காணிக்கத் தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000 ரூபா, சிலருக்கு 20,000 ரூபா. காசாகவோ பொருளாகவோ, திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் திறமைசாலிதான் முன்வந்து வாங்கினார் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்த வேலையிலிருந்து வெளிவந்த கட்டுரைகள் கண்டியில் இன்று கொள்கை எழுதுகிற ஒவ்வொருவர் மேசையிலும் இருக்க வேண்டியவை. 2012இல் வந்த ஒன்று மூன்று செய்திகளைச் சொல்கிறது. குடும்பங்களுக்குப் போன நிவாரணம் வீட்டுச் சாமான் இழப்போடு ஓரளவு ஒத்துப்போயிற்று. தொழிற்சொத்து இழப்போடு அதற்குத் தொடர்பே இல்லை. சுனாமி தாக்கிய தொழில்கள் மூன்று வருடம் தாண்டியும் தாக்கப்படாத தொழில்களுக்குப் பின்னாலேயே நின்றன. நேரடி மானியம் சில்லறை வியாபாரத்துக்கு நன்றாகக் கைகொடுத்தது. உற்பத்தி, சேவைத் தொழில்களுக்கு அவ்வளவாக இல்லை.

முதலாவது செய்தியை இப்போதைய கண்டியோடு ஒட்டிப் பாருங்கள். முன்னறை கடை, பின்னறை வீடு என்று வாழ்கிறவர் நாவலப்பிட்டியிலும் புசல்லாவையிலும் எத்தனை பேர்! வீட்டுச் சாமானுக்கு 50,000 ரூபா அவருக்குக் கிடைக்கலாம். கடைச் சாமானுக்கு? வியாபாரப் பதிவு இருந்தால் ஒரு வரிசை, இல்லாவிட்டால் வரிசையே இல்லை. இடியப்பம் அவித்து விற்கிறவர், தையல் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு சட்டை தைக்கிறவர், மரக்கறித் தள்ளுவண்டிக்காரர் ஆகியோரின் முதல் எந்தப் படிவத்திலும் ஏறாது. அங்கேதான் நுண்கடன் கம்பனி வந்து நிற்கிறது. வேறெவரும் வராத இடத்துக்கு அது வருகிறது என்பதை அதன் தகுதியாகக் கொள்வதா, மற்றவர்களின் குறையாகக் கொள்வதா? நான் இரண்டாவதன் பக்கம்.

சில்லறைக்கும் உற்பத்திக்கும் உள்ள வேறுபாடு எதனால்? என் விளக்கம் சுழற்சி வேகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு மட்டும். 3 இலட்சம் ரூபாச் சாமான் வெள்ளத்தில் போன பலசரக்குக் கடை. 100 ரூபாய்க்கு விற்றால் 10 ரூபா மிஞ்சும். போன முதலை இலாபத்திலிருந்து மீட்க 30 இலட்சம் ரூபாய்க்கு விற்க வேண்டும். மலைப்பாகத் தெரிகிறது. ஆனால் அந்தச் சாமான் மாதத்துக்கு இரண்டு தடவை விற்றுத் தீர்ந்து திரும்ப நிரம்புமானால் மாத விற்பனை 6 இலட்சம், மிச்சம் 60,000. சில்லறை வியாபாரம் சின்ன முதலை வேகமாகச் சுழற்றி வாழ்கிறது. முதல் திரும்பினால் வருமானமும் திரும்பிவிடும். குண்டசாலைக்குப் பக்கத்திலுள்ள நத்தரம்பொத்தவில் பித்தளை விளக்குச் செய்கிறவரின் நிலை வேறு. அவருக்கு முதல் கிடைத்தாலும் வாங்க வேண்டிய சுற்றுலாப் பயணி வரவேண்டும், கடைத்தெருவுக்கு வீதி திறக்க வேண்டும், செம்பும் நாகமும் வந்து சேரவேண்டும். கடன் இவற்றில் ஒன்றையும் கொண்டுவராது. தவணை மட்டும் தவறாமல் வரும்.

சரி, பலசரக்குக் கடைக்காவது கடன் பொருந்துமா? அதே 3 இலட்சத்தை 24 வீத நிலையான வட்டிக்கு ஒரு வருடத் தவணையில் எடுத்தால் மொத்தம் 3,72,000 ரூபா, மாதம் 31,000. கடையின் மிச்சம் 60,000. அதிலிருந்து கடை வாடகை, கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, வீட்டு அடுப்பு எல்லாம் போக 31,000 எடுத்துவைக்க முடியுமா? வெள்ளத்துக்கு முந்திய வியாபாரம் முழுதாகத் திரும்பினால்கூட மூச்சு முட்டும். கொப்பியில் நின்ற காசு வராத மாதங்களில் முடியவே முடியாது. அதே கடனை அதே வட்டிக்கு இரண்டு வருடத்துக்கு நீட்டினால் மாதம் 18,500; முதல் நான்கு மாதம் தவணையே இல்லையென்றால் தப்பிக்க வழி பிறக்கும். வட்டி வீதத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். மீள்கிற கடைக்குக் கழுத்தை இறுக்குவது பல நேரம் வட்டியைவிடத் தவணையின் நெருக்கம். கொல்கத்தாவில் எரிக்கா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே முதலானோர் செய்து 2013இல் வெளியிட்ட பரிசோதனையும் இதற்கு அருகில் வருகிறது: முதல் தவணையை இரண்டு கிழமையில் கேட்காமல் இரண்டு மாதம் பொறுத்தபோது பெண்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டார்கள், சில வருடங்களில் இலாபமும் கூடியது. ஆனால் கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள். கம்பனிகள் கிழமைத் தவணையை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு அந்தக் கடைசி வரிதான் காரணம்.

வட்டியை அதனால் விட்டுவிடலாம் என்றில்லை. நிலையான வட்டி 24 வீதம் என்று சொல்லப்படுவது, கடன் கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டே போகும்போதும் ஆரம்பத் தொகைக்கே வட்டி எண்ணுவதால், உண்மையில் ஆண்டுக்கு 40 வீதத்தைத் தாண்டும். ஆவணக் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். இதைத் தாங்க என்ன இலாபம் வேண்டும்? டி மெல் குழுவின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரையில், கையில் கொடுத்த முதல் மாதத்துக்கு ஏறத்தாழ 5 வீதம் ஈட்டியது. ஆண்டுக்கு 60 வீதம் அளவில். நுண்கடன்காரர்கள் மகிழ்ந்து மேற்கோள் காட்டுகிற எண் இது: பார்த்தீர்களா, 40 வீத வட்டி கட்டியும் மிச்சம் இருக்கிறது!

இருக்கிறதுதான், ஆனால் யாருக்கு? முதலாவது, அந்த எண் கடல் நேரடியாகத் தாக்காத தொழில்களில் அளக்கப்பட்டது. சேறு நிறைந்த கடையில் அளந்ததல்ல. இரண்டாவது இன்னும் கூர்மையானது. அந்தச் சராசரியை ஆண், பெண் என்று பிரித்தபோது, ஆண்கள் நடத்திய தொழில்களில் முதல் நன்றாக விளைந்தது. பெண்கள் நடத்தியவற்றில் சராசரி விளைச்சல் பூச்சியத்தை ஒட்டி நின்றது. பெண்களுக்குத் திறமையில்லை என்று இதற்குப் பொருள் சொல்கிறவர் வீட்டுக்குள் காசு எப்படிப் போகிறது என்று அறியாதவர். அடுப்புக்கும் மருந்துக்கும் தொழிலுக்கும் ஒரே சுருக்குப்பை. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தொழில்களே ஒடுங்கியவை. ஆனால் கடன் கம்பனி யாருக்குக் கொடுக்கிறது? பெரும்பாலும் பெண்களுக்கு. அவர்கள் குழுவாகக் கூடுவார்கள், கூச்சப்படுவார்கள், எப்படியாவது கட்டுவார்கள். முதல் மிகக் குறைவாக விளையும் இடத்தைத் தேடிப்போய் மிக உயர்ந்த வட்டி விதைக்கப்படுகிறது. திரும்பக் கட்டிய வீதம் 95, 98 என்று ஆண்டறிக்கையில் அச்சாகும்போது, அந்தத் தவணை தொழிலின் இலாபத்திலிருந்து வந்ததா, அடுத்த கம்பனியின் கடனிலிருந்து வந்ததா, காதுத் தோட்டிலிருந்து வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

இந்த நாடு இதற்கு ஏற்கெனவே ஒரு பரீட்சை எழுதியிருக்கிறது. வடக்கு, கிழக்கு, உலர்வலய மாவட்டங்களில் போரும் பிறகு தொடர்ந்த வரட்சியும் தொழில்களைத் தின்றன. அதே காலத்தில் நுண்கடன் கிராமம் கிராமமாக இறங்கியது. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தும் பெரும்பாலான கம்பனிகள் அதன் பிடிக்கு வெளியே நின்றன. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. 35 வீத வட்டி உச்சவரம்பும் அப்போது வந்தது. அதே ஆண்டு இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லவ்ஸ்கி, வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை போனதாகப் பதிவு செய்தார். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வரட்சியும் இயற்கை அனர்த்தமே. அனர்த்தத்துக்குப் பிறகு கடனைக் கொட்டினால் கடைசியில் அதை மானியமாகத்தான் எழுதிக் கழிக்க வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பெண்கள் பட்டது. 2018 பட்டியலில் கண்டி இல்லை. அடுத்த பட்டியலில் இருக்கக்கூடாது.

இனிக் கண்டிக்கே உரிய சிக்கல். சுனாமி ஆய்வுகளை அப்படியே மலையேற்ற முடியாது. கடல் அடித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. மண் அப்படியே இருந்தது. மலையில் மண்ணே போகிறது. டித்வாவுக்கு ஒரு கிழமை முன்பு, நவம்பர் 22 அன்று, கொழும்பு–கண்டி வீதியில் பஹல கடுகண்ணாவவில் வீதியோரக் கடையொன்றின் மீது மலை சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். கேகாலை மாவட்ட எல்லைக்குள் நடந்தது. ஆனால் கண்டிக்கு ஏறுகிற எல்லோரும் தேநீர் குடிக்க நிற்கிற பாதை அது. அப்படிப்பட்ட இடத்தில் விழுந்த கடையை அதே இடத்தில் எழுப்பக் கடன் கொடுப்பது யாருக்கு நன்மை? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கக்கூடாது என்று குறித்த சரிவில் தொழில் நடத்தக் கடன் கொடுக்கும் கம்பனிக்குத் தடையேதும் தெரியவில்லை. வேறு இடத்துக்குப் போக வேண்டியவருக்குத் தேவை இடமும் காலமும். கடன் அவரைப் பழைய இடத்தோடு கட்டிப்போடும். அங்கேதான் வாடிக்கையாளர் உண்டு, தவணைக்குக் காசு உண்டு.

அக்குறணை இன்னொரு வகை. ஏ9 வீதியில் கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையிலுள்ள இந்த வியாபாரப் பட்டினத்தைப் பிங்கா ஓயா எத்தனை தடவை முக்கியெடுத்தது என்று அங்குள்ள கடைக்காரர்களைக் கேட்டால் ஆண்டு வாரியாகச் சொல்வார்கள். ஓயாவின் கரைகளை நெருக்கிக் கட்டடங்கள் எழுந்தது எல்லோருக்கும் தெரிந்த காரணம். இங்குள்ள வியாபாரிகள் சளைத்தவர்களல்ல; தண்ணீர் வடிந்தால் கழுவிவிட்டுக் கதவைத் திறப்பார்கள், உறவினரிடமும் ஊராரிடமும் பணம் புரளும், பள்ளிவாசல் வழியே உதவி வரும். இந்த வலிமையைப் பார்த்து இங்கே கடன் பாதுகாப்பானது என்று ஒரு வங்கி அதிகாரி முடிவெடுக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. ஐந்து வருடக் கடனுக்கும் இரண்டு வருட வெள்ளத்துக்கும் இடையில் நசுங்குவது அந்த வியாபாரிதான். ஓயாவைச் சரிசெய்யாமல் கடைக்குக் கடன் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது. மொண்டவரே நீருக்கும் விலை கட்டவேண்டும் என்பது மட்டும் இங்கே கூடுதல்.

தோட்டப்புறத்தை எந்த வகையில் சேர்ப்பது? கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்து லயன்களில் சின்னக் கடை வைத்திருக்கிறவருக்கு நிலத்துக்கு உறுதி இல்லை, பல வேளை தனி முகவரியும் இல்லை. தோட்ட வேலைக்கு வந்து 200 வருடமானதை 2023இல் நினைவுகூர்ந்த மலையகத் தமிழ்ச் சமூகம் இன்றும் வங்கி கேட்கிற பத்திரத்தைக் காட்ட முடியாமல் நிற்கிறது. ஈடு வைக்க எதுவுமில்லாததால் வங்கியின் குறைந்த வட்டிக் கடன் அவரைத் தாண்டிப் போய்விடும். ஈடு கேட்காத, வட்டி கூடிய குழுக்கடன்தான் லயன் வாசலுக்கு வரும். நுண்கடன் ஏழைகளுக்கு வழி திறக்கிறது என்ற பேச்சு இங்கே வந்து தலைகீழாகிறது: காணி உரிமை மறுக்கப்பட்டதற்கான அபராதத்தை வட்டி வடிவில் கட்டுகிறார்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு, கடனே வேண்டாம் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை, ஆதாரமும் இடந்தரவில்லை. கண்டி மாவட்டத்துக்கு இதில் வேறொரு பழைய பாடமும் உண்டு. சணச என்று அறியப்படும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவு இயக்கம் தன் தொடக்கத்தைக் கண்டியின் தும்பறைப் பக்கத்தில், 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வைத்துப் பேசுகிறது. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. தளர்ந்து கிடந்த இயக்கத்தை 1978இல் கேகாலையிலிருந்து பி. ஏ. கிரிவந்தெனிய தூக்கி நிறுத்தினார். இந்தச் சங்கங்களின் பலமும் பலவீனமும் ஒன்றே: கடன் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஊர். யாருடைய கடை நிஜமாகப் போயிற்று, யார் இந்தச் சாக்கில் வேறு கடனை அடைக்கிறார் என்று கூட்டத்தில் இருப்பவருக்குத் தெரியும். தவணையைத் தள்ளிப்போடுவதையும் அங்கேயே பேசி முடிக்கலாம். வட்டி வெளியே எந்தப் பங்குதாரருக்கும் போகாது. ஆனால் ஊர் முழுவதும் ஒரே நாளில் மூழ்கினால் சேமித்தவர்கள் எல்லோரும் ஒரே கிழமையில் சேமிப்பை எடுக்க வருவார்கள். சங்கப் பெட்டி காலியாகிவிடும். சீட்டுக்கும் இதே கதிதான். அண்டை அயலுக்குள் சுற்றுகிற காசு, அயல் முழுவதும் அடிபடும்போது காக்காது. அந்த நேரத்தில் பெட்டியை வெளியிலிருந்து நிரப்ப ஒருவர் வேண்டும். பெக்கெட்டியின் ஆய்வில் கடன் பலித்ததன் இரகசியமும் அதுவே: வெளிப்பணம் வந்து நிறுவனத்தின் கையைப் பலப்படுத்தியது, பழகிய நிறுவனம் பழகிய ஆளுக்குக் கொடுத்தது.

பங்களாதேஷில் நுண்கடன் வழங்கும் பிராக் நிறுவனத்தோடு சேர்ந்து பொருளியலாளர் கிரெகரி லேன் செய்த பரிசோதனை இன்னும் ஒரு படி மேலே போகிறது. வெள்ளம் வந்தால் உங்களுக்கு இவ்வளவு கடன் நிச்சயம் என்று ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே உறுதி கொடுத்தார்கள். விளைவு வெள்ளத்துக்கு முன்பே தெரிந்தது: பின்னால் ஒரு கை இருக்கிறது என்ற தெம்பில் அவர்கள் கூடுதலாக முதலிட்டார்கள். வெள்ளம் வந்தபோதும் நிலைமை சமாளிக்கத்தக்கதாக இருந்தது. கடன் கொடுத்த கிளைகளும் நட்டப்படவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு பதற்றத்தில் கையெழுத்திடுகிற கடன் வேறு, அதற்கு முன் அமைதியாகப் பேசிவைத்த கடன் வேறு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது.

ஆகவே என் தீர்ப்பு, கடன் வரவேண்டிய வரிசையைப் பற்றியது. கண்டியில் நுண்கடன் முதல் கருவியாக வந்தால் தீங்கு. மூன்றாவதாக வந்தால் உதவி. முதலில் பழைய கடன். வெள்ள நாளில் நிலுவையில் இருந்த தவணைகளைத் தள்ளிப்போடுவதோடு, தள்ளிப்போட்ட மாதங்களுக்கு வட்டி ஏறாமலும் தடுக்க வேண்டும். வட்டி ஏறுகிற சலுகை, சலுகை என்ற பெயரில் இன்னொரு கடன். இது வங்கிகளுக்கு மட்டுமில்லாமல் லயன் வாசலில் நிற்கிற கம்பனிக்கும் செல்ல வேண்டும். இரண்டாவது மானியம்: இழந்த சாமானுக்கு, இழந்த தராசுக்கு, வியாபாரப் பதிவைப் பார்த்தல்ல, கிராம உத்தியோகத்தரும் ஊரில் இருவரும் கையெழுத்திட்டால் போதும். இழந்த அதே பொருளை வாங்கக் கடன் கொடுத்தால் ஒரே பொருளுக்கு ஒருவர் இரண்டு தடவை விலை கொடுக்கிறார். மூன்றாவதாகக் கடன், அதுவும் வீதி திறந்து வாடிக்கை திரும்பிய இடத்தில், வேகமாகச் சுழலும் வியாபாரத்துக்கு, முதல் சில மாதம் தவணையின்றி, கிழமைக்குப் பதில் மாதக் கணக்கில். பித்தளைக்காரருக்கும் விருந்தினர் விடுதிக்காரருக்கும் கடனைவிடப் பொறுமை பயன்படும். இருக்கக்கூடாது என்று குறிக்கப்பட்ட சரிவில் இருக்கிறவருக்குக் கடன் கொடுக்கக்கூடாது. இடம் கொடுக்க வேண்டும்.

மானியத்துக்குக் காசு எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டி மெல் குழு ஐந்தாறு வருடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, ஒரே ஒரு தடவை கொடுத்த அந்தச் சின்னத் தொகையின் பலன் ஆண்கள் நடத்திய தொழில்களில் அப்போதும் நின்றிருந்தது: தொழில் உயிரோடு இருந்த வீதமும் இலாபமும் மானியம் பெறாதவர்களைவிடக் கூடுதல். பெண்களின் தொழில்களில் அப்படி நிற்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மானியம் என்ற சோம்பலான யோசனைக்கும் இது எச்சரிக்கை. பெண்களுக்குக் காசோடு பிள்ளை பராமரிப்பும் சந்தையில் ஓர் இடமும் தனிச் சேமிப்புக் கணக்கும் சேர்ந்து போக வேண்டியிருக்கலாம். அதற்கான விடை என்னிடம் முழுதாக இல்லை. ஆனால் அதே பெண்ணுக்குக் கிழமைக் கடனைக் கொடுப்பது அந்த விடை இல்லை என்பது இந்த நாட்டில் ஒரு தடவை நிரூபணமாகிவிட்டது.

காப்புறுதியும் உண்டு. 2016இல் அரசாங்கம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக வீடுகளையும் சிறு வியாபாரங்களையும் இயற்கை அனர்த்தத்துக்கு எதிராக மொத்தமாகக் காப்புறுதி செய்தது. அந்த மே மாதமே வெள்ளமும் அரநாயக்க மண்சரிவும் அதைச் சோதித்தன. இழப்பை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவைக்கிற இந்த வழியும், முன்கூட்டி உறுதிசெய்த கடனும், கூட்டுறவுச் சங்கப் பெட்டியை வெளியிலிருந்து நிரப்புகிற ஏற்பாடும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல. மூன்றுக்கும் ஒரே முன்வேலை தேவை: எந்தத் தெருவில் எந்தக் கடை, அதில் எவ்வளவு முதல், கொப்பியில் எவ்வளவு, பழைய கடன் யாருக்கு என்ற பட்டியல். கம்பளை, அக்குறணை, நாவலப்பிட்டி வர்த்தகச் சங்கங்களால் இதைத் தயாரிக்க முடியும். தோட்டங்களில் தொழிற்சங்கக் கிளைகளும் மாதர் சங்கங்களும் செய்யலாம். தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். அதற்கு முன் செய்யக்கூடிய வேலை இது.